நாற்பத்தோராவது புள்ளி

பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10 மணி 50 நிமிடம். வெயில் முப்பத்தைந்து டிகிரி, காற்று இல்லை. நகரமைப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மூன்றாம் எண் மேசைக்கு முன்னால், குடியிருப்போர் சங்கச் செயலாளர் மடக்கிய குடையைக் கால்களுக்கிடையே நிறுத்தி, நீல நிறக் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, தம் வாழ்நாளிலேயே மிக மோசமான பாராட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க பகுதி நல்லா இருக்கு சார்," என்றார் திட்ட அலுவலர். முப்பது வயதுப் பெண். கெட்ட செய்தி சொல்லும்போது பேனாவின் மூடியைத் திருகும் பழக்கம் உள்ளவர். இப்போது திருகிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நல்லா?"

"நாப்பத்தொன்னு."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான். நாப்பதோ அதுக்குக் கீழயோ இருந்தாத்தான் சார் திட்டத்துல எடுப்போம். நீங்க ஒரு புள்ளி தாண்டிட்டீங்க."

முதுமை தட்டிய புறநகர்களைச் சீரமைத்து, மனிதர்கள் நடந்து வாழக்கூடிய இடங்களாக மாற்றும் திட்டம் அது. நடைபாதை, நிழல் மரம், நூறு மீட்டருக்கு ஓர் இருக்கை, காலால் போய்ச் சேரும் தொலைவில் ஒரு கடை, ஒரு சிறு மருத்துவமனை. எந்தப் பகுதி மிகவும் நலிந்திருக்கிறதோ அதற்கு முதலிடம். நலிவை அளக்க நூறு புள்ளிகள் கொண்ட ஓர் அட்டவணை.

செயலாளர் தம் பகுதியின் நலிவில் முழு நம்பிக்கை வைத்திருந்தார். எல்லாரிடமும் கார் இருக்கும், எவருக்கும் வயதாகாது என்னும் இரண்டு அனுமானங்களின் மேல் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். முதல் அனுமானம் பலித்திருந்தது.

"எதுக்குங்க அந்த ஒரு புள்ளி?"

"விவரம் சொல்லக் கூடாது சார். இறுதி முடிவு கையெழுத்தானப்புறம்தான்." அலுவலர் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா நீங்க பத்தொன்பது தடவை வந்துட்டீங்க, அதனால சொல்றேன். நடமாட்டம்னு ஒரு தலைப்பு. நீங்க எழுதிக் குடுத்த மனுவைப் பார்த்தா அதுல சைபர் வந்திருக்கணும். ஒன்னு வந்திருக்கு."

"எங்க பகுதியிலயா?"

"யாரோ ஒருத்தர் நடந்திருக்கார் சார்."

செயலாளர் இருபத்தாறு ஆண்டுகள் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியின் கால அட்டவணை அவர் போட்டது. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகளில் நிற்கும்படி ஒருமுறையும் நேர்ந்ததில்லை. அட்டவணையில் இடமில்லாத ஒருவன் எங்கோ உலவுகிறான் என்பது அவரால் பொறுத்துக்கொள்ள முடியாத செய்தி.

"அவரைக் கண்டுபிடிச்சிடறேன்."

"கண்டுபிடிச்சு என்ன சார் பண்ணுவீங்க?"

"உட்காரச் சொல்லுவேன்."

அலுவலர் பேனா மூடியை இறுக்கினார். மேல்முறையீடு செய்தால் ஒரு மறு ஆய்வு உண்டு. மார்ச் 3, புதன்கிழமை, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. களப்பணியாளர் ஒருவர் தெருமுனையில் அமர்ந்து எண்ணுவார். அதில் நாற்பது வந்தால் முதல் தொகுதியில் இடம், ஏப்ரலில் வேலை தொடக்கம், மூன்றே மாதத்தில் நடைபாதை. அறுபத்து நான்கு பக்க விதிநூல் ஒன்றும் கொடுத்தார். செயலாளர் அதைக் கோப்புக்குள் வைத்து நாடாவை முடிந்தார்.

வீட்டுப் படியேறியபோது நண்பகலாகியிருந்தது.

"செருப்பை வெளியிலயே விடுங்க, ஒரே புழுதி," என்று கார்க் கொட்டகைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

மனைவி வாக்கரை ஊன்றிக் காரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ஒரு சுற்றுக்கு இருபத்திரண்டு அடி: முன்பக்கம் நான்கு, இடப்பக்கம் ஏழு, பின்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஏழு. வாக்கரின் நான்கு கால்களும் தரையில் படும் ஓசை, பிறகு வலக்கால், பிறகு தரையைத் தேய்த்துக்கொண்டு வரும் இடக்கால். முப்பது ஆண்டுகள் அந்தக் காரை ஓட்டியவர் அவர்தான். கணவர் கற்றுக்கொள்ளவே இல்லை. பதினொரு மாதங்களுக்கு முன், ஒரு காலைப் பொழுதில், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே மனைவியின் இடக்கையும் இடக்காலும் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. அன்று முதல் காரும் நின்றது. இப்போது அதன் நான்கு டயர்களும் காற்றிறங்கி, அதுவும் பக்கவாதம் கண்டது போலத்தான் இருந்தது.

"என்னங்க சொன்னாங்க?"

"நாம ரொம்ப நல்லா இருக்கோமாம்."

"யாரு, நானா?"

"பகுதி."

"அப்ப அவங்க என்னைப் பார்க்கல," என்றபடி மனைவி பின்பக்க நான்கடியைத் தொடங்கினார்.

டாக்டர் சொன்னது எளிமையானது. திரும்பி வரக்கூடிய கால் பதினெட்டு மாதத்துக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு வந்தது வந்ததுதான். ஆனால் நேராக நடக்க வேண்டும், தொலைவு நடக்க வேண்டும். ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தால் உட்பக்கத்துக் கால் சோம்பேறியாகிவிடும். ஐந்தாம் மாதம் ஒருநாள் மனைவி சாலையில் நடந்து பார்த்தார். வாயிலிலிருந்து பதினான்காவது அடியில் ஒரு கார் அவரை ஒரு சாண் இடைவெளியில் கடந்து போனது. அவர் அங்கேயே தார்ச்சாலையில் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் வெளியே வரவில்லை.

இன்னும் ஏழு மாதம் இருந்தது.

அன்று மாலையே செயலாளர் சுற்றறிக்கை எழுதினார். 'அன்புடையீர், நம் பகுதியின் நலன் கருதி, மார்ச் 3 முடிய எவரும் நடக்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.' காரணங்கள் ஐந்து பத்திகளில் தொடர்ந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் அதை அவரே கொண்டுசென்று சேர்த்தார். மூன்று நாள் ஆயிற்று.

ஒன்பதாம் எண் வீட்டில் நாய்க்காரர் இருந்தார். அவருக்கு ஒரு பெயரும் ஓர் உத்தியோகமும் உண்டு. ஆனால் நாய் பெரியதாக இருந்ததால் இரண்டையும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

"நீங்க நடக்கறதுண்டா?" என்று செயலாளர் வாயிற்கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

"நான் எங்க சார் நடக்கறேன். நாய் நடக்குது. கயித்தோட இந்த முனையில நான் இருக்கேன்."

"எத்தனை மணிக்கு?"

"விடியறதுக்குள்ள. அஞ்சரைக்குக் கிளம்பி ஒரு கால்மணி நேரம். அதுக்கு மேல போனா வண்டிங்க வர ஆரம்பிச்சிடும்."

"அப்ப நீங்கதான்."

"என்னது நான்தான்?"

செயலாளர் சொன்னார். நாற்பது, நாற்பத்தொன்று, நடமாட்டம், மார்ச் 3 எல்லாவற்றையும் சொன்னார். நாய்க்காரரின் முகம் மெல்ல மெல்லத் தொங்கிப்போனது.

"என் நாயாலயா உங்க வீட்டம்மாவுக்கு நடைபாதை வராமப் போச்சு?"

"நாயைக் குத்தம் சொல்லல."

"அதுக்குப் புரியும் சார். நீங்க சொல்லாட்டியும் புரியும்." நாய் தரையில் தலையை வைத்துக்கொண்டது. "நான் என்ன பண்ணணும்?"

"கார்ல கூட்டிட்டுப் போங்க."

"எங்க?"

"எங்கயும் வேண்டாம். சும்மா ஒரு சுத்து."

குற்றவாளி கிடைத்துவிட்டார், சிக்கல் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதியுடன் செயலாளர் அன்று இரண்டு வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை நாய் காரில் ஏறியது. காரின் சாளரத்தில் தலையை நீட்டி உலகத்தைப் பார்ப்பது அதற்கு முதல் அனுபவம். கண்டதை எல்லாம் அது வாய்விட்டு அறிவித்தது. ஒரு வீட்டையும் விடவில்லை. தூக்கம் கலைந்தவர்கள் வாயிலுக்கு வந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். ஐந்தாம் நாள் கையில் காப்பியோடு வந்தார்கள். பதினோராண்டுகளாக எதிரெதிரே குடியிருந்த பல் டாக்டரம்மாவும் எதிர்வீட்டுக்காரரும் முதன்முறையாகப் பேசிக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கடைவாய்ப் பல்லுக்காகப் பன்னிரண்டு கிலோமீட்டர் கார் ஓட்டிப் போய்வந்தது இத்தனை ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது.

"நீங்க டாக்டர்னு ஒரு போர்டு வெச்சிருக்கலாம்."

"வெச்சிருக்கேனே."

"எங்க?"

"உங்க கேட்டுக்கு நேர் எதிர்ல."

"வண்டியில போறப்ப எங்கங்க அதெல்லாம் கண்ணுல படுது."

செயலாளர் விதிநூலின் இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். தலைப்பு: அயலுறவு. 'வெவ்வேறு வீடுகளைச் சேர்ந்த இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ பொதுவிடத்தில் மூன்று நிமிடங்களுக்குக் குறையாமல் உரையாடினால், குழு ஒன்றுக்கு ஒரு புள்ளி.' வாசலுக்குப் போய்ப் பார்த்தார். தெருவில் ஒன்பது குழுக்கள் நின்றன. அவர் ஒவ்வொன்றிடமும் போய்ப் பேச்சை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டார்கள். விளக்கினார். ஒவ்வொரு குழுவுக்கும் ஏழு நிமிடம் பிடித்தது.

வேறு வழியின்றிச் சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். ஒன்பது ஆண்டுகளில் அதுவே முதல் கூட்டம். சங்கத்தில் பதினொரு உறுப்பினர்கள். தாங்கள் உறுப்பினர்கள் என்பதே அவர்களில் ஒன்பது பேருக்குத் தெரியாது. ஐந்து பேர் வரலாமென்று கணித்து, கார்க் கொட்டகையில், காரைச் சுற்றி, ஆறு நாற்காலிகள் போட்டார். வந்தவர்கள் முப்பத்து நான்கு பேர். நாற்காலி போதாமல் அவரவர் வீட்டுக்குப் போய் ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடந்துதான் போனார்கள், நடந்துதான் வந்தார்கள். செயலாளர் அதைப் பார்க்காமலிருக்கக் கூரையைப் பார்த்தார்.

"நாம ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாது. இந்தக் கூட்டத்தோட நோக்கமே அதுதான்," என்று தொடங்கினார்.

"அதைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

பேசினார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார்கள். நடுவில் பல் டாக்டரம்மா எழுந்து, "மூணாம் தேதி யாரும் வெளிய வரக் கூடாதுன்னா, வேண்டியதை ரெண்டாம் தேதியே வாங்கிடலாம். எதுக்கு வீட்டுக்கு வீடு வண்டி எடுக்கணும்? பத்து வீட்டுக்கு ஒரு கார் போனாப் போதாதா?" என்று கேட்டார்.

எல்லாரும் தலையசைத்தார்கள். செயலாளர் முப்பத்தெட்டாம் பக்கத்தை நினைத்தார். பகிர்வுப் பயணம்: நான்கு புள்ளிகள்.

"டாக்டர், பத்து வீட்டுக்குப் பத்து கார் போகணும். முடிஞ்சாப் பதினொன்னு."

"இத்தனை நாள் அப்படித்தானே சார் போயிட்டிருந்தோம்?"

"அப்படியே போவோம்னுதான் கேட்டுக்கறேன். இத்தனை நாள் எவ்வளவு நல்லா மோசமா இருந்தோம். திடீர்னு எல்லாருக்கும் என்ன ஆச்சு?"

மூலையில் உட்கார்ந்திருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரித்துப் பதினொரு மாதமாகியிருந்தது.

பகுதியின் பழைய நிலையை மீட்டெடுக்க ஓர் ஒத்திகை தேவை என்று செயலாளர் முடிவு செய்தார். பிப்ரவரி 27, சனிக்கிழமை, காலை எட்டு மணி. காரில் ஒருவர் மட்டுமே. எவரும் எவரையும் பார்த்துக் கையசைக்கக் கூடாது. வீட்டெண், புறப்படும் நிமிடம், திரும்பும் நிமிடம் ஆகியவற்றோடு நான்கு வண்ணங்களில் ஓர் அட்டவணை தயாரித்தார். அவர் ஓய்வு பெற்றபின் போட்ட முதல் அட்டவணை, அழகாகவே வந்திருந்தது.

எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு நூற்று நாற்பத்து மூன்று கார்கள், பகுதியின் ஒரே வெளிவழியில், ஒன்றன் பின் ஒன்றாக அசையாமல் நின்றன. முன்னால் இருந்த காரின் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. அதிலிருந்து குதித்த நாய் சாலையின் நடுவில் படுத்திருந்தது. நாய்க்காரர் அதனிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவர்கள் எஞ்சினை அணைத்தார்கள், இறங்கினார்கள், என்னவென்று பார்க்க நடந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் கார் முகப்பில் சாய்ந்து வாயைத் திறக்க, பல் டாக்டரம்மா வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். யாரோ பிஸ்கட் பொட்டலம் பிரித்தார். ஐம்பது நிமிடம் கழித்து நாய் தானாக எழுந்தபோது, வண்டிக்குத் திரும்ப யாருக்கும் மனமில்லை.

செயலாளர் ஓரமாக நின்று புள்ளிகளைக் கூட்டினார். அறுபத்தேழு. இரண்டாம் முறையும் அதுவே வந்தது.

"விட்டுடுங்க," என்றார் மனைவி அன்று நண்பகல், இடப்பக்க ஏழாவது அடியில் நின்று.

"இன்னும் ஏழு மாசம் இருக்கு."

"ஆறரை."

செயலாளர் விரலை மடக்கிச் சரிபார்த்தார். கூட்டலில் மனைவி எப்போதும் அவரை விடச் சரியானவர்.

எஞ்சியது ஒரே ஒரு வழி. மனிதர்கள் வெளியே வந்தால் நலம் பெற்றுவிடுகிறார்கள். ஆகவே வெளியே வரவே கூடாது. மார்ச் 3 அன்று காரும் இல்லை, காலும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுக்க வேண்டும். வாயிற்கதவு திறக்கக் கூடாது. சாளரத்தில் நிற்பதாயிருந்தால் தனியாக நிற்க வேண்டும். இதை வீடு வீடாகப் போய்க் கேட்டபோது ஒருவரும் மறுக்கவில்லை.

"உங்க வீட்டம்மாவுக்காகச் செய்யறோம் சார்," என்றார் நாய்க்காரர். "அன்னிக்கு முழுக்க இதைக் குளியலறையில வெச்சுப் பூட்டிடறேன். நானும் கூடவே இருக்கேன்."

மார்ச் 3, புதன்கிழமை, காலை 6 மணி. மேகமூட்டம், இருபத்து நான்கு டிகிரி. தெருமுனையில் களப்பணியாளர் ஒரு மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். அவர் கையில் பொத்தானை அழுத்தி எண்ணும் சிறு கருவி. பக்கத்தில் ஒரு கம்பத்தின் நுனியில் ஓசையையும் காற்றையும் அளக்கும் பெட்டி. செயலாளர் தம் சாளரத்திலிருந்து அவருடைய முதுகைக் கண்காணித்தார்.

ஆறரை. ஒன்றுமில்லை. ஏழு. எட்டு. வழக்கமாக அந்நேரத்தில் சாலை இரைந்துகொண்டிருக்கும். இன்று களப்பணியாளர் கொட்டாவி விட்ட ஓசை கேட்டது. ஒன்பது மணிக்கு அவர் எண்ணும் கருவியைத் தட்டிப் பார்த்தார். அது பழுதாகிவிட்டதென்று எண்ணியிருக்க வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் ஆளில்லாதவை போல் நின்றன. செயலாளருக்கு நெஞ்சு நிறைந்தது. இருபத்தாறு ஆண்டுகளில் எந்தப் பள்ளியும் அவருக்கு இவ்வளவு கீழ்ப்படிந்ததில்லை.

கொட்டகையில் வாக்கரின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. பழக்கத்தால் அவர் அதை எண்ணினார். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. இந்த இடத்தில் வாக்கர் சற்று நின்று திரும்பும். இன்று திரும்பவில்லை. இருபத்து மூன்று. இருபத்து நான்கு.

அவர் வாயிலுக்கு ஓடினார். கதவு திறந்திருந்தது. மனைவி சாலையின் நடுவில் இருந்தார்.

"உள்ள வாம்மா," என்றார், குரல் எழுப்பாமல். குரல் எழுப்பினால் அயலார் வருவார்கள்; வந்தால் புள்ளி.

"ஒரு வண்டிகூட இல்லைங்க." மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. "ஏன் இப்படி நிசப்தமா இருக்குன்னு பார்க்க வந்தேன். ரோடு சும்மாதானே கிடக்கு. நேரா நடக்கிறேன் பாருங்க."

தெருமுனையில் கருவி 'டிக்' என்றது.

செயலாளர் இடக்காலைப் பார்த்தார். அது தேய்ந்துகொண்டு வரவில்லை. தரையிலிருந்து ஒரு விரற்கடை அளவுக்கு எழும்பி, ஒரு கணம் யோசித்து, முன்னே விழுந்தது. மறுபடி எழும்பியது. போய் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பினால், இரண்டு நிமிடத்தில் உள்ளே கொண்டுவந்துவிடலாம். ஐம்பது அடிக்குள் திரும்பியவரை எண்ணக் கூடாதென்பது விதி; அந்த 'டிக்' கழிந்துவிடும். மீதி நாளை எப்படியாவது சமாளித்துவிடலாம். இவ்வளவையும் அவர் சரியாகக் கணக்கிட்டார். பிறகு வாயிலைத் தாண்டி, மனைவிக்கு மூன்றடி பின்னால், அவர் வேகத்துக்கு நடந்தார்.

'டிக்.'

நாற்பதாவது அடியில் பல் டாக்டரம்மாவின் சாளரம் திறந்தது. ஐம்பதாவது அடியில் அவர் கதவு திறந்தது. "அம்மா, நீங்களா நடக்கறீங்க?" என்றபடி அவர் தெருவுக்கு வந்தார். எதிர்வீட்டுக்காரர் வந்தார். அப்புறம் எல்லாருமே வந்தார்கள். தாங்கள் வரக் கூடாதென்பது அவர்களுக்கு நினைவிருந்தது. முதல் பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு செயலாளரைப் பார்த்தார்கள். பிறகு அதையும் மறந்தார்கள். மனைவிக்கு மூச்சு வாங்கியபோது யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் அடுத்து எங்கே உட்காரக்கூடும் என்று கணித்து இன்னொருவர் இன்னொன்று போட்டார். அரைமணி நேரத்தில் தெரு நெடுகிலும் நாற்காலிகள். நூற்றுத் தொண்ணூறாவது அடியில், ஒன்பதாம் எண் வீட்டுக் குளியலறையிலிருந்து விடுதலையான நாய் எதிரே வந்து நின்றது. மனைவி வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து அதன் தலையில் வைத்தார். அது இடக்கை.

தெருமுனையில் கருவி மழை பெய்வது போல ஒலித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போனார்கள். காலை ஏழு மணிக்குச் சாலை பழைய இரைச்சலோடு ஓடியது. ஓரத்தில் மறந்து விடப்பட்ட இரண்டு நாற்காலிகள் சக்கரத்தில் சிக்கி உடைந்தன. மற்றவற்றை அவரவர் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மனைவி வாயில்வரை போய்ப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குத் திரும்பினார்.

மார்ச் 19, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 4 மணி 10 நிமிடம், தூறல். களப்பணியாளர் இருசக்கர வண்டியை வாசலில் நிறுத்தி, மழையங்கியின் உட்பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். கூடத்தில் நின்றபடியே செயலாளர் படித்தார்.

'மறு ஆய்வில் இப்பகுதி 78 புள்ளிகள் பெற்று, அயலாரிடையே நல்லுறவும் தூய காற்றும் கொண்ட, நடந்து வாழும் சமூகமாக விளங்குவதால், திட்டத்தின் எக்கட்டத்திலும் சேர்க்கப்படத் தகுதியற்றதென இதனால் முடிவு செய்யப்படுகிறது.' கீழே கையெழுத்து, முத்திரை, நாள். செயலாளர் அதில் ஒரு பிழையாவது தேடினார். இல்லை. மிக நன்றாக எழுதப்பட்டிருந்தது.

"எழுபத்தெட்டு இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல சார்," என்றார் களப்பணியாளர் ஆறுதலாக. "முன்மாதிரிக் குடியிருப்புன்னு ஒரு பலகை வைக்கப் போறாங்க. நடக்கிற மாதிரி ஒரு ஆள் படம் போட்டு."

"எங்க வைப்பாங்க?"

"ரோட்டோரத்துலதான். இடம் இருக்கே."

செயலாளர் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டார். கொட்டகையிலிருந்து வாக்கரின் ஓசை வந்தது. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. நின்று திரும்பியது.

"முதல் ஆய்வுக்கும் நீங்கதானே வந்தீங்க?"

"நான்தான் சார். ஜனவரியில."

"இப்பதான் முடிவாயிடுச்சே, சொல்லலாமில்ல. அந்த ஒரு புள்ளி, ஒன்பதாம் நம்பர் நாய்க்காரராலதானே?"

"நாயோட வர்றவரா? அவர் இல்ல சார். நான் வந்து நாற்காலி விரிக்கும்போதே அவர் உள்ள போய்க் கேட்டைச் சாத்திட்டார். மணி அஞ்சே முக்கால். எங்க கணக்கு ஆறுக்குத்தான் ஆரம்பம்."

"அப்ப வேற யாரு?"

"பேர் தெரியாது. நாள் முழுக்க ஒரே ஆள்தான். பத்து மணிக்கு அந்தப் பக்கமாப் போனார், மத்தியானம் இந்தப் பக்கமா வந்தார். குடை பிடிச்சிருந்ததுல மூஞ்சி தெரியல." களப்பணியாளர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அந்த மனுஷன் அன்னிக்கு ஒரு நாள் வீட்டுல இருந்திருந்தா உங்களுக்கு அடுத்த மாசம் நடைபாதை வேலை ஆரம்பிச்சிருக்கும் சார். அவ்வளவுதான் விஷயம்."

"அவரை நான் ஒரு தடவை பார்க்கணும்," என்றார் செயலாளர். "பார்த்து ஒன்னே ஒன்னு கேக்கணும். இந்த வெயில்ல, இந்த ரோட்டுல, அப்படி என்ன தலை போற அவசரம்னு."

எதையும் அதனதன் இடத்தில் வைப்பது அவர் பழக்கம். மேசையிலிருந்து கோப்பை எடுத்து, நாடாவை அவிழ்த்து, பத்தொன்பது மனுக்களுக்கும் மேலாக முடிவைத் தேதி வரிசைப்படி வைத்து, மறுபடி நாடாவை முடிந்தார்.

களப்பணியாளர் கண்ணாடியில் படிந்த தூறலைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த நீல நிறத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"அவர் கக்கத்துல வெச்சிருந்தது இதே ஃபைல்தான் சார்."